எது ஒரு புள்ளி? செட்டிநாட்டு ஏற்றுமதியாளர்களை எண்ணும் கணக்கு

ஆத்தங்குடியில் எனக்குப் பழக்கமான ஓர் அண்ணன் பூப்போட்ட தரைக்கல் பட்டறை வைத்திருக்கிறார். கண்ணாடித் துண்டின் மேல் பூ அச்சுச் சட்டத்தை வைத்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வண்ண சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சை அலுங்காமல் தூக்குவார்கள். அதன்மேல் காய்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, கலவையை அப்பிச் சமன் செய்து, தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறவிட்டு எடுத்தால் கண்ணாடி தனியாக வந்துவிடும். கண்ணாடியில் பட்ட முகம் கண்ணாடி போலவே மின்னும்.

போன வருடம் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, என் கல்லு சிங்கப்பூர்ல ஒரு ஹோட்டல் தரையில கிடக்கு. நம்ம பக்கத்துலேருந்து சிங்கப்பூருக்கு ஏற்றுமதி பண்றவங்க இத்தனை பேருன்னு மேடையில சொல்றாங்களே, அந்தக் கணக்குல நான் உண்டா, இல்லையா?"

நான் காரைக்குடியில் சிறிய கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதுகிறவன். அப்படியிருந்தும் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. இந்த எண்ணிக்கையை ஆளாளுக்குச் சொல்கிறார்கள். ஒருவர் ஐம்பது என்பார், இன்னொருவர் ஐநூறு என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் வேறொன்றை எண்ணியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் எங்கே பயிற்சி கொடுப்பது, எந்தத் தொழிலுக்கு உதவுவது என்று முடிவு செய்கிறார்கள். அதனால் இது எப்படி உருவாகிறது என்பதை நிதானமாகப் பார்த்துவிடுவது நல்லது.

ஒரு வீடு, எத்தனை குடும்பம்?

செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் வளவு, அதைச் சுற்றி அறைகள். அப்பாவும் கல்யாணமான மூன்று மகன்களும். மகன்களை 'வேறு வைத்த' பிறகு அவரவருக்குத் தனிச் சமையல். மூத்த மகன் மனைவியோடு பினாங்கில் இருக்கிறார்.

இந்த வீட்டில் எத்தனை குடும்பம்? வீட்டு வரி ரசீதைப் பார்த்தால் ஒன்று. எரிகிற அடுப்பை எண்ணினால் மூன்று. கோயில் கணக்கைப் பார்த்தால் நான்கு. ஏனென்றால் செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் வழக்கில் கல்யாணம் ஆனதும் ஒரு தம்பதி தங்கள் கோயிலில் ஒரு 'புள்ளி' ஆகிவிடுவார்கள். பினாங்கில் இருந்தாலும் புள்ளி புள்ளிதான்.

ஒன்று, மூன்று, நான்கு. மூன்றுமே சரியான விடை. வரி வசூலிப்பவருக்கு வீடு முக்கியம், விறகு விற்பவருக்கு அடுப்பு முக்கியம், கோயிலுக்குப் புள்ளி முக்கியம். எண்ணத் தொடங்குவதற்கு முன்பே 'ஒன்று' என்றால் எது என்று முடிவாகிவிடுகிறது. ஏற்றுமதிக் கணக்கிலும் எல்லாக் குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது.

அரசின் கணக்கில் ஒரு புள்ளி

இந்தியாவிலிருந்து வணிகத்துக்காகச் சரக்கு அனுப்ப வேண்டுமானால் பொதுவாக ஓர் எண் வேண்டும். அதன் பெயர் இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண், எல்லோரும் ஐ.இ.சி. என்றே சொல்வார்கள். மத்திய வணிக அமைச்சகத்தின் கீழ் உள்ள வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககம் (டி.ஜி.எஃப்.டி.) இதைத் தருகிறது. ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு நிறுவனத்தின் பான் எண்ணே ஐ.இ.சி. எண்ணாகவும் இருக்கிறது.

ஆக, அரசின் பார்வையில் ஒரு பான், ஒரு புள்ளி. இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒரே ஆள் தன் சொந்தப் பெயரில் பலகாரக் கடை ஒன்றும் கொட்டான் (ஓலைக் கூடை) கடை ஒன்றும் நடத்தினால், பலகை இரண்டு, பான் ஒன்று. அவர் ஒரே புள்ளி. மாறாக, அண்ணனும் தம்பியும் ஒரே கூரையின் கீழ் தனித்தனி பான் வைத்துத் தொழில் செய்தால் இரண்டு புள்ளி. தெருவில் நடந்து கடைகளை எண்ணுகிறவருக்கு இது தெரியாது.

இன்னொன்று, ஐ.இ.சி. வைத்திருப்பவரெல்லாம் ஏற்றுமதி செய்பவர் ஆகமாட்டார். பெயரிலேயே இறக்குமதியும் இருக்கிறது. சீனாவிலிருந்து இயந்திரம் வரவழைப்பவருக்கும் இதே எண்தான். 'என்றைக்காவது அனுப்பலாம்' என்று எடுத்து வைத்துக்கொண்டு ஒரு பெட்டிகூட அனுப்பாதவர்களும் இருக்கிறார்கள். நான் கணக்கு எழுதிக் கொடுக்கும் கடைக்காரர்களிலேயே அப்படிச் சிலர் உண்டு. 2021 முதல் ஆண்டுதோறும் ஏப்ரல்–ஜூன் மாதங்களில் விவரங்களை உறுதி செய்யாவிட்டால் எண் முடங்கிவிடும் என்று விதி வந்தது. அதனால் பட்டியல் கொஞ்சம் சுத்தமானது. ஆனாலும் பட்டியலில் பெயர் இருப்பது வேறு, சரக்கு போவது வேறு.

சரக்கு போனதற்குச் சாட்சி

சரக்கு உண்மையில் போனதா என்பதற்கான ஆவணம் ஷிப்பிங் பில். துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ சுங்கத்துறையிடம் கணினி வழியாகத் தாக்கல் செய்யும் ஏற்றுமதிப் படிவம் இது. பெரும்பாலும் கஸ்டம்ஸ் புரோக்கர்தான் நிரப்புவார். யார் அனுப்புகிறார், என்ன பொருள், எவ்வளவு மதிப்பு, எந்தத் துறைமுகத்தில் ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, கடைசியாக எந்த நாட்டுக்குப் போகிறது என்று வரிசையாகப் பெட்டிகள் இருக்கும்.

இந்தப் படிவங்களின் விவரம்தான் கொல்கத்தாவில் இருக்கும் வணிகத் தகவல், புள்ளியியல் தலைமை இயக்ககத்துக்குப் போய், நாட்டின் ஏற்றுமதிப் புள்ளிவிவரமாகத் திரும்பி வருகிறது. 'சிங்கப்பூருக்கு ஏற்றுமதி செய்தவர்கள்' என்ற எண்ணைச் சரியாக எடுப்பது என்றால், ஓர் ஆண்டில் சேருமிடம் சிங்கப்பூர் என்றிருக்கும் ஷிப்பிங் பில்களை எல்லாம் எடுத்து, அவற்றில் எத்தனை வெவ்வேறு ஐ.இ.சி. எண்கள் வருகின்றன என்று பார்க்க வேண்டும். ஒரே நிறுவனம் வருடத்தில் பன்னிரண்டு முறை அனுப்பியிருந்தால் பில் பன்னிரண்டு, புள்ளி ஒன்று. பில்லை எண்ணிவிட்டு ஆள் கணக்காகச் சொல்வது நம் ஊரில் சர்வ சாதாரணம்.

இதுவரை பார்த்தது இதுதான்: ஐ.இ.சி. பட்டியல் 'அனுப்பக் கூடியவர்' யார் என்று சொல்கிறது, ஷிப்பிங் பில் 'அனுப்பியவர்' யார் என்று சொல்கிறது. முதலாவது எப்போதும் பெரிய எண்.

செய்தவர் ஒருவர், அனுப்பியவர் ஒருவர்

இனி ஆத்தங்குடி அண்ணனுக்கு வருவோம். அவருடைய கல்லை வாங்கியது சென்னையில் ஒரு வியாபாரி. சிங்கப்பூர் ஹோட்டலுக்குக் கல்லோடு சேர்த்துப் பித்தளை விளக்கு, மர வேலைப்பாடு எல்லாவற்றையும் ஒரே கண்டெய்னரில் அனுப்பினார். ஷிப்பிங் பில்லில் இருப்பது அவருடைய எண்.

இப்படி, பிறர் செய்த பொருளை வாங்கித் தன் பெயரில் அனுப்புபவரை வணிக ஏற்றுமதியாளர் என்கிறார்கள். தானே செய்து தானே அனுப்புபவர் உற்பத்தி ஏற்றுமதியாளர். செட்டிநாட்டுக்கு இது புதிதில்லை. கடல் கடந்து வியாபாரத்துக்குப் போவதை 'கொண்டுவிற்கப் போவது' என்றே இங்கே சொல்வார்கள். கொண்டுபோய் விற்றவர் பெயர் நிலைத்தது, செய்து கொடுத்தவர் பெயர் பேரேட்டில் ஏறவில்லை. இன்றைய புள்ளிவிவரத்திலும் அதேதான் நடக்கிறது.

இதனால் எண்ணிக்கை ஒரே பக்கமாகச் சாய்கிறது. துறைமுகமும் பெரிய வியாபாரிகளும் இருக்கும் ஊர்களில் ஏற்றுமதியாளர்கள் கூடுதலாகத் தெரிவார்கள். கைவினையாளர்கள் இருக்கும் ஊர்களில் குறைவாகத் தெரிவார்கள். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தறி இங்கே இருக்கிறது. ஆனால் அந்தச் சேலையைச் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் கடை வாங்கி ஆன்லைனில் வெளிநாட்டுக்கு விற்றால், எண்ணிக்கையில் ஏறுவது அந்த ஊர். பத்துத் தறிக்காரர்களின் சேலை ஒரே வியாபாரி மூலம் போனால் பத்துப் பேர் உழைப்பு, ஒரு புள்ளி. 'நம் பக்கம் ஏற்றுமதியாளரே கிடையாது' என்று யாராவது சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருப்பது இதனால்தான். பொருள் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

வரைபடத்தில் செட்டிநாடு எங்கே?

அடுத்த சிக்கல், செட்டிநாடு என்பது அரசின் எந்தப் படிவத்திலும் இல்லாத ஒரு நிலப்பரப்பு. காரைக்குடி, ஆத்தங்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் எல்லாம் சிவகங்கை மாவட்டம். ராயவரம், கடியாபட்டி, நச்சாந்துபட்டி எல்லாம் புதுக்கோட்டை மாவட்டம். புள்ளிவிவரம் மாவட்டம் மாவட்டமாகத்தான் வரும். சிவகங்கை எண்ணை அப்படியே செட்டிநாட்டு எண் என்று சொன்னால் மானாமதுரை மண்பாண்டமும் உள்ளே வந்துவிடும், ராயவரம் வெளியே போய்விடும். இரண்டு மாவட்டத்தையும் கூட்டினால் செட்டிநாட்டோடு சம்பந்தமே இல்லாத கடலோர ஊர்களின் மீன், இறால் எல்லாம் சேர்ந்துவிடும்.

சரி, மாவட்டம் என்றே வைத்துக்கொள்வோம். எந்த மாவட்டம்? மூன்று விதமாகச் சொல்லலாம்: நிறுவனத்தின் பதிவு முகவரி இருக்கும் மாவட்டம், சரக்கு கப்பல் ஏறிய மாவட்டம், சரக்கு உருவான மாவட்டம். ரொம்ப காலம் நம்மிடம் தெளிவாக இருந்தவை முதல் இரண்டுதான். கப்பல் ஏறிய இடத்தை வைத்துப் பார்த்தால் தென்மாவட்டங்களின் சரக்கு நிறைய தூத்துக்குடி கணக்கிலோ சென்னைக் கணக்கிலோதான் தெரியும். துறைமுகம் என்பது வாசல். வாசல் வழியாகப் போவதெல்லாம் வாசலில் சமைத்ததாகிவிடாது.

ஒவ்வொரு மாவட்டமும் ஏற்றுமதி மையமாக வேண்டும் என்று 2019 சுதந்திர தின உரையில் பிரதமர் பேசினார். 2020 பிப்ரவரியிலிருந்து ஷிப்பிங் பில்லில் சரக்கு உருவான மாநிலமும் மாவட்டமும் எழுதுவது கட்டாயமானது. சின்னப் பெட்டிதான், ஆனால் எங்களைப் போன்ற உள்நாட்டு ஊர்களுக்கு மிகப் பெரிய விஷயம். முதல்முறையாகச் சரக்கின் ஊர் பதிவாகிறது. ஒழுங்காக நிரப்பினால்தான் பலன். அவசரத்தில் புரோக்கர் வியாபாரியின் முகவரியைப் பார்த்துச் 'சென்னை' என்று போட்டுவிட்டால் பழைய கதைதான்.

இந்தப் பெட்டி வந்த பிறகு 'சிவகங்கை ஏற்றுமதியாளர்கள்' என்பதற்கே இரண்டு பொருள் உண்டு. சிவகங்கையில் முகவரி உள்ளவர்கள் என்பது ஒன்று. எந்த ஊர் முகவரியாக இருந்தாலும் சிவகங்கையில் உருவான சரக்கை அனுப்பியவர்கள் என்பது இன்னொன்று. இரண்டும் வேறு வேறு எண்கள். யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், இந்த இரண்டில் எது என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

இரண்டு ஊரில் கால் வைத்த நிறுவனம்

ஒரு பலகார நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். சமையல்கூடம் காரைக்குடியில், 30 பேர் வேலை. அலுவலகம் சென்னையில், 10 பேர். பான் ஒன்றே. இதை எந்த ஊரில் எண்ணுவது?

பிரிட்டனின் வரி மற்றும் சுங்கத்துறை வட்டார வாரியாக ஏற்றுமதி நிறுவனங்களை எண்ணி வெளியிடுகிறது. அவர்கள் இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று முழு எண் முறை: நிறுவனத்துக்கு ஊழியர்கள் இருக்கும் ஒவ்வொரு வட்டாரத்திலும் அதை ஒன்று என்று எண்ணுவது. இன்னொன்று பங்கு முறை: ஊழியர் எண்ணிக்கைப்படி அந்த ஒன்றைப் பிரித்துக் கொடுப்பது. நம் பலகார நிறுவனத்தை முழு எண் முறையில் எண்ணினால் காரைக்குடிக்கு 1, சென்னைக்கு 1. பங்கு முறையில் காரைக்குடிக்கு முக்கால், சென்னைக்குக் கால்.

முழு எண் முறையில் வட்டாரங்களை எல்லாம் கூட்டினால் நாட்டின் மொத்தத்தைவிட அதிகமாக வரும், ஏனென்றால் ஒரே நிறுவனம் இரண்டு இடத்தில் ஏறியிருக்கிறது. பங்கு முறையில் கூட்டுத்தொகை சரியாக வரும், ஆனால் 'முக்கால் நிறுவனம்' என்பதைக் கேட்பவருக்குப் புரிய வைக்க வேண்டும். என்னைக் கேட்டால், 'எங்கள் ஊரில் எத்தனை நிறுவனத்துக்கு வெளிநாட்டு அனுபவம் இருக்கிறது' என்று தெரிந்துகொள்ள முழு எண் முறை நல்லது. ஊர்களை ஒப்பிடவும் கூட்டவும் பங்கு முறை நல்லது.

நாடுகளைக் கூட்டுவதிலும் இதே ஆபத்து இருக்கிறது. சிங்கப்பூருக்கு 20 பேர், மலேசியாவுக்கு 15 பேர் என்றால் மொத்தம் 35 பேர் என்று சொல்லக் கூடாது. இரண்டுக்கும் அனுப்புபவர்கள் 10 பேர் இருந்தால் மொத்தம் 25தான்.

எந்தப் பொருள், எந்த நாடு

உலகம் முழுவதும் வணிகப் பொருளுக்கு எச்.எஸ். குறியீடு என்று ஓர் எண் உண்டு. 1988-இல் நடைமுறைக்கு வந்தது. முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. இந்தியாவில் எட்டு இலக்கம். தரைக்கல் ஏற்றுமதியாளர்களைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் 6907-ஐப் பார்ப்பார்கள். அது சுட்ட பீங்கான் ஓடுகளுக்கான தலைப்பு. ஆத்தங்குடிக் கல் சூளையையே பார்க்காத சிமென்ட் கல், அதன் இடம் 6810. தவறான தலைப்பில் தேடிவிட்டு 'ஆத்தங்குடிக் கல் ஏற்றுமதியே ஆகவில்லை' என்று முடிவு கட்டியவரை நான் பார்த்திருக்கிறேன். கண்டாங்கிக்கென்று தனிக் குறியீடு கிடையாது, அது மற்றப் பருத்தித் துணிகளோடு சேர்ந்துவிடும்.

நாட்டைப் பொறுத்தவரை, சரக்கு கொழும்பில் கப்பல் மாறினாலும் கடைசியாகச் சேரும் நாடு எதுவோ அதைத்தான் எண்ண வேண்டும். தூத்துக்குடியிலிருந்து போகும் பெட்டிகள் கொழும்பில் மாறுவது வழக்கம். ஆனால் சிங்கப்பூர்க்காரர் வாங்கி ஆஸ்திரேலியாவுக்கு மறுபடி விற்றுவிட்டால், நம் கணக்கில் அது சிங்கப்பூராகவே நிற்கும்.

வலையில் விழாத மீன்கள்

காரைக்குடியில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் ஆச்சி பலகாரம் சுட்டு விற்கிறார். மனகோலம், தேன்குழல், சீப்புச் சீடை. "ஆச்சி, நீங்க வெளிநாட்டுக்கு அனுப்புறீங்களா?" என்று கேட்டேன்.

"அனுப்பாம என்னப்பா? போன வாரம்கூட நாலு டின்னு சிங்கப்பூருக்குப் போச்சு. திருச்சியில ஃப்ளைட் ஏறுற பிள்ளைக வந்து வாங்கிட்டுப் போகுது. உடையாம இருக்க டின்னுக்குள்ள துணி வச்சுக் குடுத்தேன்."

ஆச்சியைப் பொறுத்தவரை அது சிங்கப்பூருக்குப் போன பலகாரம். சுங்கத்துறையைப் பொறுத்தவரை பயணியின் சொந்தப் பெட்டியில் இருந்த தின்பண்டம். ஷிப்பிங் பில் இல்லை, புள்ளியும் இல்லை. அதையே கூரியர் வழியாக முறையான ஏற்றுமதிப் படிவத்தோடு அனுப்பினால் கணக்கில் ஏறும். தபால் வழியிலும் இதற்கென்று படிவம் உண்டு. சிறு வியாபாரிகள் அங்கிருந்தே அனுப்ப 2022 முதல் அஞ்சல் நிலையங்களில் 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' (அஞ்சலக ஏற்றுமதி மையம்) என்ற மையங்களும் திறந்திருக்கிறார்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழைய சாமான் கடைகள் இன்னொரு விதம். வெளிநாட்டுப் பயணி அங்கே ஒரு பீங்கான் ஜாடியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டால், அது நாட்டுக்கு வந்த அந்நியச் செலாவணிதான், ஆனால் சரக்கு ஏற்றுமதியில் வராது. சுற்றுலா வருமானத்தோடு போய்ச் சேரும். நூறு வருடம் தாண்டிய தொல்பொருளை, கட்டடத்திலிருந்து பெயர்த்த கதவு, தூண் உட்பட, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதனால் அந்தத் தெருவை வைத்துச் சொல்லப்படும் பெரிய ஏற்றுமதிக் கதைகளைக் கொஞ்சம் கவனமாகவே கேட்க வேண்டும்.

இந்தப் பகுதியின் சுருக்கம்: படிவம் எங்கே இல்லையோ அங்கே எண்ணிக்கையும் இல்லை.

பெயர்ப் பட்டியல் கேட்கலாமா?

'எண் போதாது, யார் யார் என்று சொல்லுங்கள்' என்பார்கள். ஒவ்வொரு நிறுவனமும் யாருக்கு, என்ன விலைக்கு அனுப்பியது என்பது வியாபார ரகசியம். சட்டம் அனுமதித்த வழியில் அல்லாமல் அந்த விவரத்தை வெளியிடுவது குற்றம் என்று 2022-இல் சுங்கச் சட்டத்தில் புதிய பிரிவே சேர்த்தார்கள். சின்ன மாவட்டத்தில் எண்ணிக்கையே பெயரைக் காட்டிக் கொடுத்துவிடும். ஒரு மாவட்டத்திலிருந்து ஒரு பொருளை ஒரே ஒருவர்தான் அனுப்புகிறார் என்று வெளியிட்டால், ஊரில் எல்லோருக்கும் அது யாரென்று தெரியும். பக்கத்திலேயே மதிப்பும் போட்டால் அவருடைய வியாபாரம் முழுக்க வெளிச்சத்துக்கு வந்துவிடும். புள்ளிவிவரத் துறைகள் இப்படிப்பட்ட கட்டங்களை மறைத்து வைப்பதற்கு இதுவே காரணம்.

காலத்தையும் பார்க்க வேண்டும். நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, சிங்கப்பூர் தன் வணிகக் கணக்கை ஜனவரியிலிருந்து சொல்லும். ஒரு தடவை அனுப்பிவிட்டு நின்றுவிடும் சிறு நிறுவனங்கள் எந்த நாட்டிலும் ஏராளம். போன வருடம் 40, இந்த வருடம் 40 என்றால் அதே 40 பேர் என்று நினைத்துவிடக் கூடாது. பதினைந்து பேர் வெளியேறி, பதினைந்து பேர் புதிதாக வந்திருக்கலாம். தொழிலுக்கு உதவ நினைப்பவர்கள் தேட வேண்டியது வெளியேறிய அந்தப் பதினைந்து பேரைத்தான் என்பது என் எண்ணம். பணம் வரத் தாமதமானதா, சரக்கு உடைந்ததா, கட்டணம் கட்டுப்படியாகவில்லையா என்று அவர்களால்தான் சொல்ல முடியும்.

அண்ணனுக்குச் சொன்ன பதில்

இதையெல்லாம் ஆத்தங்குடி அண்ணனிடம் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். "நிறுவனக் கணக்குல நீங்க இல்லைண்ணே. சென்னை வியாபாரிதான் இருக்காரு. ஆனா மாவட்டப் பெட்டியைச் சரியா நிரப்பியிருந்தா, உங்க கல்லு சிவகங்கைக் கணக்குல இருக்கும்."

அவர் உடனே சென்னைக்குப் போன் போட்டார். ஷிப்பிங் பில்லின் நகல் வாட்ஸ்அப்பில் வந்தது. எழுத்து பொடியாக இருந்ததால் படத்தை விரலால் பெரிதாக்கிக் காட்டினேன். கல்லுக்கான வரியில் மாவட்டம்: சென்னை.

"இதை மாத்தச் சொல்லலாமா?"

"போன சரக்குக்கு வேண்டாம்ண்ணே. அடுத்ததுக்குச் சொல்லி வைங்க."

இரண்டு மாதம் கழித்து அடுத்த பெட்டி போயிற்று. அன்று மாலை எனக்கும் ஒரு படம் அனுப்பியிருந்தார். அதே வரியில் சிவகங்கை என்று இருந்தது. கீழே அவரே ஒரு வரி எழுதியிருந்தார்: "தம்பி, அந்த ஐநூறு ரூபா நம்பரு எடுக்க என்னென்ன பேப்பர் வேணும்?"